சத்தமில்லாத மோட்டார்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கால் வீக்கம் வற்றியதா? நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

மலையேறும் மின்சார சைக்கிளுக்கு இனி வரப்போகும் மோட்டார் மூச்சுக்கூட விடக் கூடாதாம். எதிரொலி இல்லாத அறையில் உட்கார்ந்து அதை ஒட்டுக்கேட்பதுதான் என் வேலை. நேற்று, “லேசா தட்டுற சத்தம் வருது சார்” என்றேன்.

“நான் இன்னும் மோட்டாரைப் போடவே இல்லையேப்பா! அது உன் நெஞ்சு அடிக்கிற சத்தம்” என்றார் மேலதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

தங்கியிருக்கும் அறையிலும் அதே சத்தம்தான் கேட்கிறது.

ஒன்று செய். நான் போனில் வந்ததும் தையல் மிஷினை நிறுத்திவிடுகிறாய். இனி நிறுத்தாதே. அந்தக் கிழட்டு மோட்டார் இருமிக்கொண்டே இருக்கட்டும். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் போனை வைக்காமல் தைத்துக்கொண்டிரு.

வேலைக்கு மணியாகிவிட்டது.

உன் பெரியவன்