வெள்ளை எம்.ஏ., சிவப்பு பி.எட்.

ஜூலை 6, 1998, திங்கள்

புழுக்கம். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டது. சரோஜினி நகர் மார்க்கெட்டில் நித்யாவுக்கு ஸ்கூல் ஷூ. வளர்கிற கால் என்று ஒரு சைஸ் பெரிதாக. வீட்டுக்கு வந்ததும், சரியான சைஸே வாங்கியிருக்கலாமோ என்று.

டெல்லி யூனிவர்சிட்டி நார்த் கேம்பஸ் இரண்டாவது அட்மிஷன் லிஸ்டில் என் பெயர். எம்.ஏ., பொருளாதாரம். போன வாரம்தான் பக்கத்துக் கல்லூரியில் பி.எட். சேர்ந்து ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் கொடுத்தேன். வெள்ளிக்குள் அதை கேன்சல் செய்தால்தான் எம்.ஏ.

பி.எட்.: ஒரே வருஷம், நடந்தே போகலாம், டீச்சர் வேலை.
எம்.ஏ.: இரண்டு வருஷம், இரண்டு பஸ். ஸ்கூல் விட்டு வரும் நித்யாவை யார் பார்ப்பது? ஆனால் கல்யாணத்துக்கு முன்பே ஆசைப்பட்டது.

இவர்: "உனக்கு எது பிடிக்குதோ அதுல சேரு." இதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

8, புதன்

கரண்ட் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. நேற்று எம்.ஏ., இன்று காலை பி.எட்., மத்தியானம் மறுபடி எம்.ஏ.

கடைசியில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் எம்.ஏ., சிவப்புச் செம்பருத்தி வந்தால் பி.எட். எனக்குத் தெரியக்கூடாது என்று இவரையே கட்டச் சொன்னேன். சாமி படத்தின் முன் இரண்டு பொட்டலம்.

"அம்மா, இதுல டாஃபி இருக்கா?"
"பூதான்டி. ஒண்ணு எடு."
"பூவை எதுக்கு பேப்பர்ல..."
"ஜல்தி எடு!"

வெள்ளை. அப்பாடா.

9, வியாழன்

சாமி விளக்கு துடைக்கும்போது மற்ற பொட்டலத்தையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

"என்னங்க இது?"
"பக்கத்து வீட்டு சர்மா ஆன்ட்டி செடியில செம்பருத்தி பூக்கலை."

ஜன்னலுக்கு வெளியே அந்தச் செடி முழுக்கச் சிவப்பு.

"சரி, விடு. சிவப்பு வந்திருந்தா மறுபடி கட்டச் சொல்லியிருப்ப. எனக்கு ஆபீஸ் இருக்கு."

கோபம். சாமி விஷயத்தில் விளையாட்டா? அப்படியானால் இது யார் எடுத்த முடிவு? சிவப்பு வந்திருந்தால் நிஜமாகவே மறுபடி கட்டச் சொல்லியிருப்பேனா?

சொல்லியிருப்பேன்.

ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டேன்.

10, வெள்ளி

நல்ல மழை. பி.எட். ஆபீஸ். செவ்வாயும் புதனும் வந்து, கேன்சல் செய்யாமலே திரும்பியவள் நான். கிளார்க் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னிக்காவது பக்கா, மேடம்?" ஹிந்தியில்.
"பக்கா."

சர்டிபிகேட் கைக்கு வந்தது. கேட் வரை போனேன். திரும்பி வந்தேன். ஒருவேளை மறுபடி சேர வேண்டுமென்றால்? சும்மா, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"நஹீ, மேடம். சீட் போச்சு." ஜன்னலைச் சாத்திவிட்டார்.

பசித்தது. எதிரே சோலே பட்டூரே வண்டி. நார்த் கேம்பஸ் பஸ் ஒன்று போனது, அடுத்ததில் போகலாம். குடையைத் தோளில் சாய்த்து, சர்டிபிகேட் பையை அக்குளில் இடுக்கி, தட்டு ஒரு கையில், நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

வண்டிக்காரரிடம்: "பய்யா, இன்னொண்ணு."