வேலைநிறுத்த நாளின் சோறு

டீச்சர், இன்று ஆலங்குடியில் வேலைநிறுத்தப் பந்தல். மதியம் கடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த இளம் ஆசிரியையின் சேலையில் சாம்பார் வாசனை அடித்தது. உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

அன்றும் இப்படித்தான். எல்லோரும் பள்ளியைப் பூட்டிவிட்டு வந்திருக்க, நீங்கள் மட்டும் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வந்தீர்கள். நம் சங்கத்தின் அப்போதைய வட்டாரத் தலைவர் மைக்கை வைத்துவிட்டுக் கத்தினார்.

"ஸ்ட்ரைக்னா என்னன்னு தெரியுமா டீச்சர்? பள்ளிக்கூடத்தைத் தொறந்து வச்சிட்டு வாரீங்க!"

"பாடம் நடத்தலைங்க. பிள்ளைகளுக்குச் சோறு போட்டுட்டு வாரேன். நம்ம சண்டை அரசாங்கத்தோடதானே?" என்றீர்கள். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்து, அவரைவிடச் சத்தமாகக் கோஷம் போட்டீர்கள். கருங்காலி என்று சிலர் முணுமுணுத்தது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் அதிகாரி உங்கள் பள்ளிக்கே வந்தார். "நேத்து இங்கதான இருந்தீங்க? வருகைப் பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க, ஒங்களை விட்டுடுறோம்." நீங்கள் போடவில்லை. "வேலை செய்யலைங்க" என்று சொல்லிவிட்டீர்கள். எங்களுக்கு வந்த தண்டனை உங்களுக்கும் வந்தது. திருமயம் பக்கம் தூக்கிப் போட்டார்கள். எனக்கு அன்று உங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது.

சங்கம் எதற்கு என்று நாம் எத்தனையோ கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியிருக்கிறோம். ஓய்வூதியம், இடமாறுதல், காலியிடம் எல்லாம் வேண்டியவைதான். நீங்களும் ஓய்வூதியம் கேட்டவர்தான். அது கைக்கு வரும் முன்பே கண்ணை மூடிவிட்டீர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் எதை முதலில் வைப்பது என்று குழம்பும்போதெல்லாம் நீங்கள் பந்தலுக்குள் வந்த அந்த மதியம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

இப்போது நான் வட்டாரத் தலைவர். சிரிக்காதீர்கள். இன்று அந்த ஆசிரியையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "நாங்க பூட்டிட்டு வரலையா? இங்கிட்டு வாங்க சார், நீங்களே கேளுங்க" என்றார்கள்.

"எங்க போயிருந்தீங்கம்மா?"

"பிள்ளைக சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்னுட்டு வந்தேன் சார்."

"வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல சார்."

மைக்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன்.