காட்டுப் பாதைக்கு ஒரு ஜிபிஎஸ்

2025 யூலை 24, வியாழன்

தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் நாற்பத்திரண்டு. இருபதோடு நிறுத்திவிட்டேன்.

பின்னேரம் பொலிசில் இவருடைய சாமான்களைத் திருப்பித் தந்தார்கள். சைக்கிள், தண்ணீர்ப் போத்தல், போன். படிவத்தில் 'உறவுமுறை' என்று ஓர் இடம். மனைவி என்று எழுதினேன். ரஜிதன் காட்டுக்குள் போய், உயிரோடு திரும்பாமல், இன்றைக்கு நாற்பத்தாறு நாள்.

யூலை 27, ஞாயிறு

மத்தேயு வந்தார், முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில். ஞாயிறுகளில் இவரோடு காட்டுப் பாதையில் சைக்கிள் ஓடுகிறவர். அந்த ஞாயிறு மட்டும் வரவில்லை, மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தார். கதிரையில் சாயாமல் நுனியிலேயே இருந்தார்.

"அக்கா, ஏழு கிழமையா ஒருத்தரும் ஓடேல்லை. திரும்ப ஓடுவம் எண்டு கேக்கினம். ஜிபிஎஸ் இல்லாமல் இனி ஒருத்தரும் காட்டுக்குள்ள இறங்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்."

தேத்தண்ணிக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"எங்கட போட்டிலை அது இல்லாமல் கரையை விட்டு வெளிக்கிட மாட்டம். காட்டுக்கு மட்டும் வெறும் போனோடை போனம். எதை வாங்கிறது எண்டு நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ. எதையும் பிடிச்சுப் படிக்கிறதெண்டால் அவாதான் எண்டு ரஜிதன் அண்ணை சொல்லுறவர்."

ஓம் என்றுவிட்டேன். ஏன் ஓம் என்றேன்?

மே மாதம் இவர் என்னிடம் கேட்டது ஒருவருக்கும் தெரியாது. குசினி வாசலில் நின்றுதான் கேட்டார். "இஞ்ச பாரும், சைக்கிளுக்குப் பூட்டுற ஜிபிஎஸ் ஒண்டு எடுப்பமா?" நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன் இருக்குத்தானே. அது காணும், வேறை ஒண்டும் தேவையில்லை."

ஒரு தரம்தான் கேட்டார்.

யூலை 30, புதன்

தாளில் கோடு போட்டு இரண்டு பக்கமாக எழுதினேன். ஒரு பக்கம் தொடுதிரை உள்ளது: சின்னது, வடிவானது, ஆனால் சார்ஜ் போட வேண்டும். மற்றப் பக்கம் பொத்தான் உள்ளது: மீனவர்கள் கையில் வைத்திருப்பதுபோல் தடித்த கட்டை, ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றரி இரண்டில் ஓடும்.

வியர்த்த விரலுக்குத் தொடுதிரை கேட்காதாம். வெயிலில் எது தெரியும்? விழுந்தால் எது தாங்கும்? இந்தப் பற்றரி எங்கள் அக்கராயன் கடையிலும் கிடைக்கும்.

இரண்டுமே வரைபடத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்குமாம். போன் சிக்னல் தேவையே இல்லையாம். ஐந்து நிமிட வாசிப்பு. மே மாதம் அந்த ஐந்து நிமிடம் எனக்கு இல்லாமல் போனதா?

ஓகஸ்ட் 2, சனி

இவருடைய போனுக்கு இன்றைக்குத்தான் சார்ஜ் போட்டேன்.

ஓடிய பாதையைக் கோடாகக் கீறுகிற செயலி ஒன்றை அதில் வைத்திருந்தார். யூன் 8. காலை 6.10க்கு எங்கள் வீட்டில் தொடங்குகிறது. ஸ்கந்தபுரம் வீதி, குளக்கட்டு, பிறகு காடு. பதினொரு மணிக்கு மேல் கோடு வளைகிறது. ஒரே இடத்தை மூன்று தரம் சுற்றியிருக்கிறார். நாலாம் தரம் பாதியில், 1.52க்கு, கோடு நின்றுவிடுகிறது. போன் அதோடு செத்திருக்கிறது. கால் முறிந்து கிடந்த பள்ளம் அதற்கும் அப்பால்.

இப்போது வீட்டில் சிக்னல் இருக்கிறது. கோட்டுக்குக் கீழே காடு பச்சையாக, வாய்க்கால் நீலமாக, எல்லாம் வந்து நிற்கிறது. அன்றைக்குக் காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் அவருக்கு வெறும் சாம்பல் நிறம்தான் தெரிந்திருக்கும்.

காணும் எண்டனே. திரும்பிக்கூடப் பாராமல் காணும் எண்டனே. ஐயோ, காணேல்லையேப்பா—

ஓகஸ்ட் 3, ஞாயிறு

சாப்பிடவில்லை. மாமி, இவருடைய அம்மா, இரண்டு தரம் கூப்பிட்டார்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

இதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. மாமி பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் இருந்தேன்.

"மாமி, இவர் ஜிபிஎஸ் வாங்குவமா எண்டு கேட்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான்."

அவருடைய கை நிற்கவில்லை. "தெரியும்."

"என்னெண்டு?"

"பக்கத்து அறைக்குள்ள நிண்டனான். போன் காணும் எண்டு நீ சொன்னாய். நான் சிரிச்சனான், பிள்ளை. பிறந்து வளந்த இடத்திலை வழி பார்க்க இவனுக்கொரு மெசினோ எண்டு சிரிச்சனான்." பிறகுதான் கை நின்றது. "நான் சிரிச்சது அவனுக்கும் கேட்டது. ரெண்டு மாசமா இதை ஆரிட்டைச் சொல்லுறது எண்டு தெரியாமல் இருந்தனான்."

என்னைக் குற்றம் சொல்வார் என்று பயந்து இவ்வளவு நாளும் அவர் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். அவரும் அதற்குத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லையா?

பயிற்றங்காய் அப்படியே கிடந்தது. இரவு சமையல் இல்லை, கடைப் பாண்தான்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

மத்தேயுவுக்கு எழுதி அனுப்பினேன். பொத்தான் உள்ளது. வந்த வழியைத் திருப்பிக் காட்டுகிற வசதி கட்டாயம் இருக்க வேண்டும். மேலதிகப் பற்றரி நான்கு, ஈரம் படாத பையில்.

விழுந்து கிடந்தால் வானில் சுற்றுகிற செய்மதி வழியாக ஆட்களைக் கூப்பிடுகிற வகையும் இருக்கிறது. அதை இங்கே பாவிக்கலாமா என்று கொழும்புக் கடைக்காரருக்கே தெரியவில்லை. நாங்கள் வாங்குவது, நிற்கிற ஆளுக்கு நிற்கிற இடத்தைச் சொல்லும். வீட்டில் இருக்கிறவளுக்குச் சொல்லாது. அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: தனியே ஒருவரும் இறங்கக்கூடாது.

ஓகஸ்ட் 16, சனி

கருவி வந்துவிட்டது. குளக்கட்டு வழியே நடந்து பார்த்தேன். இரண்டு மீற்றர், மூன்று மீற்றர்தான் பிழை. பிழை பிடிக்க வேண்டும் என்று பார்த்தேன்போல. இவ்வளவு சரியாக இருந்தது கோபமாக வந்தது.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

இவர் கிடந்த அந்த இடத்துக்குப் போனேன். மத்தேயுவிடம் நான்தான் கேட்டேன்.

இவருடைய சைக்கிளில் போனேன். எனக்கு எட்டும்படி மத்தேயு சீற்றைக் கீழே பதித்துவிட்டார். எத்தனை அங்குலம் பதித்தார் என்று நான் பார்க்கவில்லை.

காய்ந்த ஓடை. ஆளுயரப் பள்ளம். அடியில் வேர்கள். அங்கே இவருடையது என்று ஒன்றுமே இல்லை. கருவியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். வாய்க்கால் வீதிக்கு நேர்கோட்டில் 430 மீற்றர். பாடசாலை வாசல் படலையிலிருந்து பஸ் நிற்கிற இடம் அவ்வளவு இருக்கும். பிள்ளைகள் ஓடியே போய்விடுவார்கள்.

அப்போது அந்தப் பக்கம் ஓர் உழவு இயந்திரம் போனது. சத்தம் தெளிவாகக் கேட்டது.

மத்தேயு நிலத்தில் குந்திவிட்டார். "அக்கா, அண்டைக்கு ஞாயிறு பொழுதுபட அண்ணையைத் தேடிக்கொண்டு அந்த வீதியாலைதான் போனனாங்கள். கரையிலையிருந்து நேரே வந்தனான். ட்ரக்டர் பெட்டியிலை ஏறி நிண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு போனனாங்கள். அந்த மெசின் சத்தத்திலை, அண்ணை திருப்பிக் கூப்பிட்டிருந்தாலும்—"

திங்கள் விடியத்தான் உயிர் போயிருக்கும் என்று டொக்டர் எழுதியிருந்தார்.

இவ்வளவு நாளும் இந்த மனிசன் இதையும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். போத்தலை எடுத்து அவரிடம் நீட்டினேன். குடித்தார். பிறகு கருவி காட்டிய வழியில் வந்த பாதையாலேயே திரும்பினோம். ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் ஒரே மாதிரி. நானும் பிழையானதில்தான் போயிருப்பேன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

ஐந்து பேர் ஓடினோம். பதினெட்டுக் கிலோமீற்றர். கருவி என் சைக்கிளில், அதனால் நான் முன்னுக்கு. பாதி வழியில் காரணமில்லாமல் அழுகை வந்தது. பின்னால் வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

வெளிக்கிடும்போது மாமி கேட்டார்: "எத்தினை மணிக்கு வருவாய்?"

"பத்தரைக்கு, மாமி."

பத்து இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தேன். மாமி படலையில் நின்றார். சைக்கிளை என் கையிலிருந்து வாங்கி உள்ளே உருட்டிக்கொண்டு போனார்.