சலவைக் கடைப் பாட்டின் பூர்வீகம்

மார்ச் 4, 2019
மாவட்ட இசை மண்டபத்தில் எங்கள் குழுவுக்குப் பித்தளைப் பலகை வைக்கிறார்கள். மிசௌரி மலைப்பக்கத்து மதுக்கூடங்களிலும் சந்தைத் திடல்களிலும் முப்பது ஆண்டுகள் வாசித்ததற்கான மரியாதை. வாசகம் இன்று வந்தது: "'பிளாக்பெரி மேடு' – இயற்றியவர் அறியப்படாத மலைநாட்டுப் பாடல்."

அறியப்படாத அந்த ஆள் நான். 1991இல் ஒரு சலவைக் கடையில், துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் என் ஒற்றை ஷூ உருண்ட தாளத்தில் எழுதியது.

மார்ச் 5
பலகையில் என் பெயரைப் போடச் சொல்லலாமா என்று ராய்ஸிடம் கேட்டேன். எங்கள் பாடகன், பல் மருத்துவரின் மகன், மேடையில் மட்டும் மரமறுப்பவர் பரம்பரை.

"'எங்க பாட்டன் சொல்லிக்கொடுத்த பாட்டு'ன்னு நான் சொல்றப்பல்லாம் பின்னால நின்னு பேஸ் கிட்டார் வாசிச்சவன்தானே நீ, லைல்? பட்டம் வாங்கினவன் எழுதினதுன்னா எவன்டா பீரைக் கீழ வெச்சுட்டுக் கேப்பான்?"

வாசித்தேன்தான். தலையும் ஆட்டினேன்.

மார்ச் 19
மண்டபத்தின் ஆய்வாளர் முனைவர் ஸ்ட்ராட்டனிடம் என் குறிப்பேட்டைக் கொடுத்தேன். தேதி, அடித்தல், திருத்தல் எல்லாம் உள்ளன.

"அருமை, சார். இத்தனை திருத்தம்னா, எத்தனை பேர் பாடக் கேட்டு ஒப்பிட்டிருக்கீங்க! இந்தத் தாளம் கோவேறு கழுதை வண்டியோட நடைன்னு கட்டுரையே எழுதியிருக்கேன்."

"அது என் ஷூ, மேடம்."

சிரித்தார். குறிப்பேடு இனி கண்ணாடிப் பெட்டியில் இருக்குமாம்: 'மிகப் பழைய எழுத்துப் பதிவு.'

மார்ச் 20
மண்டபத் தலைவருக்குப் பதினொரு பக்கக் கடிதம். அடிக்குறிப்புகளுடன்.

ஏப்ரல் 2
பதில் வந்தது. உறுப்பினர் சேர்க்கைப் படிவம்.

ஏப்ரல் 27
விழா. மைக்கில் உண்மையைச் சொன்னேன், ஆண்டும் கடையின் பெயரும் உட்பட. இரண்டாம் வரிசையில் ஆர்விட் பௌண்ட்ஸ் என்றொரு கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"தம்பி, இது எங்க தாத்தா ஈயச் சுரங்கத்துக்குப் போறப்போ பாடினது. கோவிச்சுக்காதே, ரெண்டாவது சரணத்தை நீங்க தப்பாப் பாடறீங்க."

பாடியும் காட்டினார். அரங்கமே எழுந்து கைதட்டியது. ராய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை வருஷம் பொய்க்குத் தாளம் போட்ட நான் இன்னைக்குச் சாட்சி சொன்னா எவன் நம்புவான்?

ஏப்ரல் 28
கிழவரின் வரி என் வரியைவிட நன்றாக இருக்கிறது. மன்னிக்க முடியாதது அதுதான்.

ஜூன் 15
சந்தைத் திடல். ராய்ஸ் வழக்கம்போல் 'எங்க பாட்டன்' என்று ஆரம்பித்தான். இரண்டாம் சரணத்தைக் கிழவரின் வரியில் பாடினோம். பாடச் சொன்னவன் நான். முன்வரிசையில் ஒரு பெண், என் பழைய வரியையே வாய்விட்டுப் பாடினாள்.

தப்பாகப் பாடுகிறாளே என்று எரிச்சலாக வந்தது.