நிலவறை யன்னலில் மிளகாய்

மாசி 9, செவ்வாய்.

எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய பிரதம லிகிதர் கதிரையில் சபாரத்தினம் இருக்கிறார். என்னை வவுனியாக் கந்தோரின் நிலவறைக்கு, பழைய கோப்புகளோடு அனுப்பியவரும் அவரே. அங்கே யன்னலுக்கு வெளியே வெளிச்சத்துக்கென்று வெட்டிய கிடங்கில் மூன்று மிளகாய்க் கன்று வைத்தேன். மூன்றும் காய்த்துத் தொங்குகின்றன.

இன்று மத்தியானம் அவர் சோற்றுப் பார்சலோடு இறங்கி வந்தார். "நீர் ஊத்திற தண்ணி சுவரால ஊறி உள்ளுக்கு வருது. நாளைக்குக் கிடங்கை மூடப்போறன்" என்றார். பிறகு காய்களைப் பார்த்தபடியே நின்றார். "இண்டைக்கு வீட்டுக் கறியில உறைப்பில்லை. ரெண்டு தாருமன்."

மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று கீழே வைத்துத்தான் கொடுப்போம். நான் வேண்டுமென்றே அவர் கைக்குள் வைத்தேன்.

"நாங்கள் பிடிக்காத சண்டை இனி என்ன மிச்சம் கிடக்கு, காணும்?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எரிச்சல்.

கோப்புப் பெட்டியொன்றின் மேல் குந்தியிருந்தே சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிய, "கிடங்கு கிடக்கட்டும். தண்ணியை அளவா ஊத்தும்" என்று சொல்லிப் போனார்.

கதிரை விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் நாளைக்கு நாலு காய் பிடுங்கி வைக்க வேண்டும். கைக்குக் கைதான் கொடுப்பேன்.