வடக்குச் சரிவின் இருபத்துமூன்று கிணறுகள்

முகாம்,
பிப்ரவரி 3

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் எழுதுவது. கால் இரண்டையும் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் நலம். இங்கே போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. வாரம் ஒருமுறை, பரிசோதனைக்காக நான் எடுத்து வைக்கும் கிணற்றுத் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோக வரும் ஜீப் டிரைவர் அண்ணன்தான் எனக்குத் தபால்காரர். அவரிடம் மெமரி கார்டையும் கொடுத்தனுப்புகிறேன். என் ஆய்வுக்கு வேண்டிய நூற்று நாற்பது கிணறுகளும் அதில் இருக்கின்றன. அப்பாடா!

இந்த ஜி.பி.எஸ். கருவி இருக்கிறதே, உள்ளங்கை அளவுதான், ஆனால் அது பண்ணும் பிகு தாங்கவில்லை. கிணற்றோரம் நின்று தூக்கிப் பிடித்தால் சாட்டிலைட் தேடுகிறேன் என்கிறது. பிழை முப்பது மீட்டர் இருக்கலாம் என்கிறது, அப்புறம் இருபது, அப்புறம் ஐந்து. சரி என்று பொத்தானை அழுத்தப் போனால் மறுபடி பதினெட்டு! அதற்குள் கிணற்றுக்காரர் வந்துவிடுவார்.

"என்னம்மா, போட்டோ பிடிக்கறியா?"

"இல்லைங்க, கிணறு எங்க இருக்குன்னு குறிச்சுக்கறேன்."

"அதான் இங்கயே இருக்கே! இதுக்கு ஒரு மிஷினா?"

இதே பேச்சை நூற்று நாற்பது தடவை பேசியிருக்கிறேன், அத்தை.

வடக்குச் சரிவில்தான் உயிர் போய் உயிர் வந்தது. பாதை கிடையாது, முள்தான். இருபத்துமூன்று கிணறுகளுக்கு ஆறு நாள் ஆனது. முப்பது வருஷத்துக்கு முன்னால் வெறும் நாடாவும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு இதே இடத்தை எப்படித்தான் வரைந்தீர்களோ! நம் ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்கும் உங்கள் வரைபடத்தைத் திரும்பி வந்ததும் நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? அவரைக் கேட்டால் "ம்" என்பார். நீங்களே பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
மருமகள்


வரைபடப் பிரிவு,
பிப்ரவரி 9

செல்ல மருமகளுக்கு,

உன் புருஷன் நன்றாகச் சாப்பிடுகிறான். தட்டைக் கழுவத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் புள்ளிகளை என் வரைபடத்தின் மேல் போட்டுப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு அச்சாகப் பொருந்துகின்றன. வடக்குச் சரிவில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஒன்று முந்நூறு மீட்டர் கிழக்கே, ஒன்று நானூறு மீட்டர் மேலே. கிணறு என்ன கன்றுக்குட்டியா, அவிழ்த்துக்கொண்டு ஓட?

களைத்துப் போயிருப்பாய், புரிகிறது. கீழேயே நிழலில் உட்கார்ந்து, அங்கே உள்ளவர்கள் கைகாட்டிய பக்கமெல்லாம் குத்துமதிப்பாகப் பதிந்திருக்கிறாய். கருவியில் எண்களைக் கையாலேயே போட்டுக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாதா? என் காதில் பூச்சுற்றாதே.

வெளியே மூச்சு விடவில்லை. இருபத்துமூன்று புள்ளிகளையும் என் வரைபடத்தில் கிணறு இருக்கும் இடங்களுக்கு நானே நகர்த்திவிட்டேன். 28ஆம் தேதி டைரக்டர் பார்க்கிறார். என் வரைபடத்தை உன் புள்ளிகளோடு மறுபதிப்புப் போடப் போகிறார்களாம். நான் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று மாதம். அதற்குள் மானத்தை வாங்கிவிடாதே.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

ஆசிகளுடன்,
அத்தை


முகாம்,
பிப்ரவரி 10

அத்தைக்கு,

"அன்புள்ள" என்று எழுதக் கை வரவில்லை. டிரைவர் அண்ணன் பாட்டில்களை ஏற்றி முடிப்பதற்குள் எழுதியாக வேண்டும்.

நகர்த்திவிட்டீர்களா? யாரைக் கேட்டு நகர்த்தினீர்கள்? கார்டில் ஓரிடம், வரைபடத்தில் ஓரிடம் என்று டைரக்டர் பார்த்தால் திருட்டு வேலை செய்தது நான் என்றுதான் நினைப்பார். உங்களைச் சந்தேகப்பட அந்த ஆபீஸில் யாருக்குத் தைரியம்? என் ஆய்வும் போகும், வேலையும் போகும், ஊரெல்லாம் பொய்க்காரி என்று பெயரும் வரும்.

ஒவ்வொரு கிணற்றிலும் குனிந்து கயிறு விட்டுத் தண்ணீர் எடுத்தேன் அத்தை! முழங்கை இரண்டும் சிராய்ந்து கிடக்கிறது. பிழை ஐந்து மீட்டருக்குக் கீழே வராமல் ஒரு புள்ளிகூடப் பதியவில்லை. உங்கள் வரைபடம் தப்பாக இருக்கலாம் என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தோன்றவில்லையா உங்களுக்கு?

என் புள்ளிகளை இருந்த இடத்தில் வையுங்கள்.

மருமகள்


வரைபடப் பிரிவு,
பிப்ரவரி 16

மருமகளுக்கு,

வைக்க முடியாது. அந்த வரைபடம் முப்பது வருஷமாக வாசலில் தொங்குகிறது, இதுவரை ஒருவரும் குற்றம் சொன்னதில்லை. நேற்று வந்த கருவி சொல்கிறதாம்! உன் புருஷனிடம் சொன்னேன். "உங்க ரெண்டு பேர் சண்டைல என்னை இழுக்காதீங்கம்மா" என்று எழுந்து போய்விட்டான். அவனால் ஆகிற காரியம் அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்கைக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.

அத்தை


முகாம்,
பிப்ரவரி 24

அத்தைக்கு,

மருந்து கிடைத்தது. கைக்குப் போட்டேன். மனசுக்குப் போட முடியவில்லை.

இருபத்துமூன்று கிணறுகளுக்கும் மறுபடி நடந்தேன். போன தடவை பேட்டரி தீர்ந்துவிடும் என்று பயந்து, நடக்கும் வழியைப் பதிவு செய்வதை நிறுத்தி வைத்திருந்தேன். இந்தத் தடவை நிறுத்தவில்லை. தினமும் காலையில் முகாமிலிருந்து கிளம்பினது முதல் சாயங்காலம் திரும்பி வரும்வரை நான் போன வழியெல்லாம் கோடாக இத்தோடு அனுப்பும் கார்டில் இருக்கிறது. பதினொன்றாவது கிணற்றுக்குக் கீழே ஒரே இடத்தில் நாற்பது நிமிஷம் நின்றிருப்பது தெரியும். அங்கே வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்து அழுதேன். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய புள்ளிக்கும் புதுப் புள்ளிக்கும் நான்கு மீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடிவாரத்தில் உட்கார்ந்து கைகாட்டிய பக்கம் குறிக்கிறது என்று ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. சத்தியமாக அப்படி ஒரு எண்ணமே வரவில்லை. உங்களுக்கு மட்டும் அது எப்படி உடனே தோன்றியது?

மருமகள்


வரைபடப் பிரிவு,
மார்ச் 2

என் மருமகளுக்கு,

உன் கேள்வியைப் படித்துவிட்டுக் கார்டைப் போட்டேன். நீ போன வழி திரையில் விழுந்தது. மேலே ஏறுகிறது, முள்ளைச் சுற்றுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. நாற்பது நிமிஷம் நின்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன்.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். அந்த வேலைக்குப் போனபோது எனக்கு ஏழாம் மாதம். நூற்றுப் பதினேழு கிணறுகளை நடந்துதான் அளந்தேன். வடக்குச் சரிவில் பத்தடி ஏறினேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. முடியவில்லை என்று சொன்னால், "இதுக்குத்தான் பொம்பளைங்களை அனுப்பக் கூடாதுங்கறது" என்பார்கள். அதற்குப் பயந்து அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். போகிற வருகிறவர்களை நிறுத்தி, "உங்க கிணறு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்" என்று கேட்டு, அவர்கள் கைகாட்டிய பக்கம் இருபத்துமூன்று வட்டம் போட்டேன். அப்போது வயிற்றில் இருந்தவன்தான் உன் புருஷன். நான் செய்ததையே நீயும் செய்திருப்பாய் என்று நினைத்துவிட்டேன். நான் எழுதினதெல்லாம் உன்னைப் பற்றியே இல்லை.

28ஆம் தேதி டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னும் மூணு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறீங்க. இப்ப எதுக்குங்க இதைச் சொல்றீங்க?" என்றார்.

"சொல்லலேன்னா அவ பொய்க்காரி ஆயிடுவா சார்" என்றேன்.

மறுபதிப்பு நின்றுவிட்டது. வாசலில் இருந்த வரைபடத்தைக் கழற்றிவிட்டார்கள். உன் புள்ளிகளை நீ கொடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன். நகர்த்தினது நான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அந்தச் சரிவில் ஒரு கிணற்றைக்கூட நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் ஜீப்பில் ஏறி வரட்டுமா? வேண்டாம் என்றால் டிரைவரிடம் சொல்லியனுப்பு. தப்பாக நினைக்க மாட்டேன்.

அத்தை


முகாம்,
மார்ச் 3

அத்தைக்கு,

கோபம் இன்னும் தீரவில்லை. சீக்கிரம் தீரும் என்றும் தோன்றவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது.

வாருங்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். மெதுவாகவே ஏறலாம். பாதி வழியில் முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள், அத்தை. அப்படியே எழுதிக்கொள்வோம்.

மருமகள்