இரண்டு டிரம், ஒரு டியூப்

வெள்ளி

இது யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். யாருக்கும் காட்டாதீர்கள். நானும் அம்மாவும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

நல்ல குளிர். விளக்கு போடக் கூடாது. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் மெழுகுவத்தி. சயின்ஸ் நோட்டின் கடைசிப் பக்கங்கள்.

அப்பா புதன் காலை ஷிப்டுக்குப் போனார். இன்னும் வரவில்லை. காவிரித் தண்ணீருக்காகச் சண்டை. ஓசூர் ரோட்டில் பஸ் இல்லை. நேற்று தெருமுனையில் தமிழ்க்காரர் டீக்கடை எரிந்தது. அப்பாவின் இருமல் மாத்திரை அலமாரியிலேயே. முருகர் காலண்டரை அரிசி டின்னுக்குள் ஒளித்தாயிற்று.

பக்கத்து வீட்டு ஜெயம்மா ஆன்ட்டி எங்கள் வாசலை வெளியிலிருந்து பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கட்டுமாம். அவர்கள் கன்னடக்காரர்கள். வீட்டில் அவரும் மகள் ஷோபாவும் மட்டும்தான். ஷோபா என் பெஞ்ச்.

சனி

பல் தேய்க்கவில்லை. டிரம் காலி. தெருக்குழாய்க்குப் போக முடியாது.

இரண்டு வீட்டுக் குளியலறைக்கும் ஒரே சுவர். மேலே, கூரை ஷீட்டுக்கு அடியில் கை நுழையும் சந்து. அதன் வழியாக ஷோபா பச்சை டியூபை இறக்கினாள். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, முனையை மடக்கி நூலால் கட்டியிருந்தாள். அவர்கள் டிரம் முழங்கால் உயர மேடைமேல். எங்களுடையது தரையில்.

நூலை அவிழ்த்தேன். தண்ணீர் சுவரேறி வந்தது. சத்தமே இல்லை.

டெஸ்ட்டில் இதே கேள்வி. சைபனில் தண்ணீர் எப்படி மேலே ஏறுகிறது? ‘வாயால் உறிஞ்சுவதால்’ என்று எழுதி முட்டை வாங்கினேன். இங்கே யாரும் உறிஞ்சவில்லை. அவர்கள் டிரம்மைக் காற்று மேலிருந்து அழுத்துகிறது. எங்கள் பக்கம் இறங்கும் தண்ணீர் நீளம், கனம் அதிகம். இப்போது கேட்டால் எழுதுவேன்.

இருட்டில் அளவு தெரிய மக்கை மிதக்கவிட்டு அதன்மேல் கை வைத்திருந்தேன். கையைத் தூக்கிக்கொண்டே வந்தது.

போதுமானதும் ஷோபா அவள் பக்க முனையை வெளியே எடுத்தாள். டியூப் காலி. காதில் வைத்தேன். அவள் குரல், தூரத்து ரேடியோ மாதிரி.

“ஊட்ட ஆய்த்தா?”

சாப்பிட்டாயா என்று. தினமும் டிபன் பாக்ஸ் திறக்கும்போது கேட்பதுதான். அழுகை வந்துவிட்டது. ஆய்த்து என்றேன். பொய்.

ஞாயிறு

அப்பா வரவில்லை. காலையில் தெருவில் கோஷம். கண்ணாடி உடைந்தது. பிறகு ஒன்றுமில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட அம்மாவுக்கு மனசில்லை.

சாயங்காலம் மறுபடி டியூப். மக் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது.

“அவளும் நிறுத்திட்டா பாரு,” என்றாள் அம்மா. “இன்னிக்குத் தண்ணி. நாளைக்கு சாவிய எடுத்து அவனுங்க கையில குடுத்துடுவா.”

முனையை விரலால் அடைத்து, தரையிலிருந்த வாளிக்குள் இறக்கினேன். கொட்டியது. திரும்ப டிரம்முக்குள் விட்டேன். நின்றது.

“நிறுத்தலம்மா. ரெண்டு டிரம்லயும் தண்ணி ஒரே மட்டத்துக்கு வந்துடுச்சு, அதான். அவங்களது மேடைமேல இருக்கு. அடியில ஒரு சாண்தான் இருக்கும் அவங்களுக்கு.”

அம்மா ஸ்டூலில் ஏறி, வாளியைத் தோள்மேல் தூக்கிப் பிடித்தாள். டியூப் முனையை அதற்குள் மாற்றச் சொன்னாள். வாளித் தண்ணீர் அந்தப் பக்கம் போய்விட்டது.

இப்போது அம்மா படுத்திருக்கிறாள். டியூப் என் மடியில். ஷோபா அவள் முனையை வெளியே எடுத்துவிட்டுத் தூங்கியிருப்பாள். சும்மா காதில் வைத்தேன்.

யாரோ இருமுகிறார்கள். ஒரு செருமல். மறுபடி இருமல். அந்த வீட்டில் ஆண்களே கிடையாது. அப்பா இருமுவது மாதிரியே. மாத்திரை எங்கே. அம்மாவை எழுப்ப வேண்டும். வாசலில் பூட்டு ஆடுகிறது. யாரோ கதவைத் தட்